அழிக்கும் கருவிக்கு ஒரு விளக்கக் குறிப்பு

இலக்கியம் பேசும் இடத்தில் மென்பொருள் ஒன்றின் விளக்கக் குறிப்பைப் பற்றி எழுதுவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லவிருப்பது ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். ஒரு வாக்கியம் தன் வேலையைச் செய்கிறதா, போதுமான அளவு சொல்கிறதா என்பது நாம் இங்கே கதைகளையும் மொழிபெயர்ப்புகளையும் முன்வைத்துப் பலமுறை வாதிட்ட விஷயமே. இம்முறை வாக்கியம் வேறொரு துறையிலிருந்து வருகிறது, அவ்வளவுதான்.

நான் தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதிப் பிழைப்பவன். சில மாதங்களுக்கு முன், கட்டுமான நிறுவனங்கள் பயன்படுத்தும் ஒரு மென்பொருளுக்கான வேலை வந்தது. அந்த மென்பொருளின் ஏபிஐயை, அதாவது வேறு நிரல்கள் அதனோடு பேசுவதற்கான வாசலை, செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கும் திறந்துவிடப் போகிறார்கள். முகவர் என்பது, ஒருவர் சாதாரணப் பேச்சில் சொல்லும் வேலையைத் தானே படிகளாகப் பிரித்து, தேவையான கருவிகளைத் தேர்ந்து செய்து முடிக்கும் நிரல். அதன் கையில் தரப்படும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயரும் ஒரு விளக்கமும் வேண்டும். மொத்தம் 40 கருவிகள். அவற்றில் 39 பற்றி எந்தத் தகராறும் இல்லை. மீதமிருந்த ஒன்று, ஆர்எஃப்ஐ ஒன்றை நீக்கும் கருவி. நிரலர் அனுப்பியிருந்த விளக்கம் ஒரே வரி: 'ஆர்எஃப்ஐயை நீக்குகிறது.'

இலக்கணப் பிழை இல்லை. தகவல் பிழையும் இல்லை. எளிமையாக இருக்கிறதே, விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். மனிதர்கள் படிப்பதற்கான ஆவணமாக இருந்திருந்தால் விட்டும் இருப்பேன். இந்த வரியைப் படித்து அதன்படி நடக்கப்போவது மனிதர் அல்லர் என்பது சற்றுப் பிந்தித்தான் உறைத்தது. அங்கே தொடங்கிய யோசனையே இக்கட்டுரை. அழிக்கும் கருவி ஒன்றை ஆவணப்படுத்துகிறவர், அது என்ன செய்யும் என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. எது திரும்பி வராது, எப்போது அதைத் தொடக் கூடாது என்பதையும் எழுதியாக வேண்டும். அதை எழுத முடியாத நிலை இருந்தால், கருவியை வெளியிடக் கூடாது. இதுவே என் தரப்பு.

*

கட்டுமானத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஆர்எஃப்ஐ பற்றிச் சிறிது. 'ரிக்வெஸ்ட் ஃபார் இன்ஃபர்மேஷன்' என்பதன் சுருக்கம் அது. கட்டடக் கலைஞரின் வரைபடத்தில் தூண் ஓரிடத்தில் இருக்கிறது. கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடத்தில் அதே தூண் 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. களத்தில் நிற்கும் ஒப்பந்ததாரர் எதை நம்புவது? எழுத்தில் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு ஓர் எண் உண்டு, தேதி உண்டு, பெரும்பாலும் ஒன்றிரண்டு புகைப்படங்களும் இணைந்திருக்கும். வடிவமைத்தவர் எழுத்தில் பதில் சொல்கிறார். அந்தப் பதிலை நம்பிக் கான்கிரீட் கொட்டப்படுகிறது. பின்னாளில் விரிசல் விட்டாலும், செலவு கூடினாலும், வழக்கு வந்தாலும், யார் கேட்டார், யார் சொன்னார், என்று சொன்னார் என்பதற்கு அந்தக் கேள்வி பதிலே சாட்சி. பெரிய கட்டடம் ஒன்றில் இவை நூற்றுக்கணக்கில் சேரும்; சிலவற்றில் ஆயிரத்தையும் தாண்டும்.

என் மனைவியின் அண்ணன் வளைகுடா நாடுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தளப் பொறியாளராக இருந்தவர். ஆர்எஃப்ஐகளை எந்தச் சந்தர்ப்பத்தில் நீக்குவீர்கள் என்று அவரைத் தொலைபேசியில் கேட்டேன். கேள்வியே அவருக்கு விசித்திரமாகப் பட்டது. 'டெலீட்டா? எதுக்கு மாப்பிள்ளை? தப்பா அனுப்பிட்டா வாய்டுன்னு போட்டு குளோஸ் பண்ணிடுவோம். நம்பர் அப்படியே இருக்கும். நடுவுல ஒரு நம்பர் காணலேன்னாதான் எல்லாருக்கும் சந்தேகம் வரும்' என்றார்.

வரைபடங்களும் அப்படித்தான். புதிய திருத்தம் வந்தவுடன் பழைய தாளைக் கிழித்துப் போடுவதில்லை. அதன் குறுக்கே 'சூப்பர்சீடட்' என்று முத்திரை குத்தி, வேலையாட்கள் கையில் தவறிப்போய்ச் சிக்காதபடி தனியே வைக்கிறார்கள். புதிய தாளில் மாற்றம் நிகழ்ந்த இடத்தைச் சுற்றி மேகம் போன்ற ஒரு கோடு, பக்கத்தில் முக்கோணத்துக்குள் திருத்த எண். எது மாறியது என்று தெரிய வேண்டுமானால் மாறுவதற்கு முன் என்ன இருந்தது என்பதும் தெரிந்தாக வேண்டும். கட்டடத் தகவல் மேலாண்மைக்காக 2018இல் வெளியான ஐஎஸ்ஓ 19650 தரநிலை இந்த வழக்கத்தை முறைப்படுத்துகிறது. ஒரு தகவல் தொகுப்புக்கு அது சொல்லும் நிலைகள் நான்கு: வேலை நடப்பில் உள்ளது, பகிரப்பட்டது, வெளியிடப்பட்டது, காப்பகத்தில் உள்ளது. 'நீக்கப்பட்டது' என்ற ஐந்தாம் நிலை அதில் இல்லை. நம் ஊர்ப் பத்திர எழுத்தர்கள் அடித்தல் திருத்தல்களைக் குறித்துக் கையெழுத்து வாங்குவதும் இதே எண்ணத்தில்தான். அடித்தது அடித்ததாகவே கண்ணுக்குத் தெரிய வேண்டும். சுரண்டி எடுத்துவிடக் கூடாது.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில், ஹயாத் ரீஜென்ஸி விடுதியின் முன்கூடத்தில் நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, மேலே தொங்கிக்கொண்டிருந்த நடைபாலங்கள் இரண்டு இடிந்து விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். மூல வடிவமைப்பின்படி, கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பியில் நான்காம் தளப் பாலமும் அதன் கீழே இரண்டாம் தளப் பாலமும் தொங்க வேண்டும். தயாரிப்பு வசதிக்காக அது இரண்டு கம்பிகளாக மாற்றப்பட்டது. கீழ்ப்பாலம் இப்போது கூரைக் கம்பியில் தொங்கவில்லை, மேல்பாலத்தில் தொங்கியது. மேல்பாலத்தின் இணைப்பு தாங்க வேண்டிய சுமை இரு மடங்கானது. மூல வடிவமைப்பே நகரின் கட்டட விதிகள் கோரிய வலுவைக் கொண்டிருக்கவில்லை என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. மாற்றம் அதை மேலும் மோசமாக்கியது.

மாற்றத்துக்குத் தொலைபேசியில் ஒப்புதல் கேட்டோம் என்றது தயாரித்த தரப்பு. அப்படி ஓர் அழைப்பே வரவில்லை என்றது வடிவமைத்த தரப்பு. பேச்சுக்குச் சாட்சி இல்லை. ஆனால் மாற்றப்பட்ட இணைப்பைக் காட்டும் தயாரிப்பு வரைபடமும், அதன்மேல் பொறியாளரின் ஒப்புதல் முத்திரையும் இருந்தன. பொறியாளர்கள் மிசூரி மாநிலத்தில் தம் உரிமத்தை இழந்தார்கள். அந்தத் தாள் இல்லாமல் போயிருந்தால் இரு தரப்பின் நினைவுகளும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு நின்றிருக்கும்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் டவர் குடியிருப்பில் பற்றிய தீயில் 72 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து ஜூடித் ஹேக்கிட் நடத்திய மறுஆய்வின் இறுதி அறிக்கை 2018 மே மாதம் வெளியானது. கட்டடத்தைப் பற்றிய தகவல் வடிவமைப்பிலிருந்து மக்கள் வாழும் காலம் வரை அறுபடாத ஒரு பொன்னிழையாகத் தொடர வேண்டும் என்று அது வலியுறுத்தியது. 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், இங்கிலாந்தில் ஆபத்து மிகுந்தவை என வகைப்படுத்தப்பட்ட உயரமான குடியிருப்புகளுக்கு இது கடமையாகிவிட்டது. எந்தப் பலகையை எதற்குப் பதிலாக யார் அனுமதித்துப் பொருத்தினார் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க வேண்டிய இடம் அந்த இழைதான்.

இப்படியொரு துறையின் பதிவேட்டுக்குள், இயந்திரத்தின் கையில், 'ஆர்எஃப்ஐயை நீக்குகிறது' என்ற ஒற்றை வரியோடு ஒரு கருவியைக் கொடுத்து அனுப்புகிறோம்.

*

அந்த இயந்திரம் எப்படிப் படிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். முகவர்களையும் மென்பொருள்களையும் இணைப்பதற்கான 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற நெறிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. சுருக்கமாக எம்சிபி என்கிறார்கள். இதன்படி ஒரு கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல் ஆகியவை மொழி மாதிரியின் முன் எழுத்தாக வைக்கப்படுகின்றன. சொல்லப்பட்ட வேலைக்கு எந்தக் கருவி பொருந்தும் என்று அந்த எழுத்தை வைத்தே அது முடிவு செய்கிறது. என் மைத்துனர் சொன்னது அதற்குத் தெரியாது. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் இருப்பவரைக் கேட்கவும் முடியாது. ஆவணத்தில் எழுதாமல் விட்டதை, பொதுவாகப் படித்தறிந்த உலக வழக்கைக் கொண்டு அது ஊகித்து நிரப்பிக்கொள்ளும். பொதுவான உலக வழக்கிலோ தேவையற்றதை நீக்குவது ஒரு நல்ல காரியம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். திட்ட மேலாளர் ஒருவர், 'இரட்டிப்பாக வந்திருக்கும் ஆர்எஃப்ஐகளை ஒழுங்குபடுத்து' என்று முகவரிடம் சொல்கிறார். அனுபவமுள்ள எழுத்தராக இருந்தால், இரண்டாவதாக வந்ததை முதலாவதன் எண்ணைக் குறிப்பிட்டு மூடிவைப்பார். முகவரின் முன்னே மூடுவதற்கு ஒரு கருவி, திருத்துவதற்கு ஒரு கருவி, நீக்குவதற்கு ஒரு கருவி. மூன்றுக்கும் ஒற்றை வரி விளக்கம். அது நீக்குவதைத் தேர்ந்தால் குற்றம் யாருடையது? மேலாளர் பொதுவாகச் சொன்னார். முகவர் பொருத்தமானதென்று பட்டதை எடுத்தது. நடுவே நின்று வழிகாட்டியிருக்க வேண்டிய ஆவணம் எதுவும் சொல்லவில்லை.

மனிதருக்காக எழுதியதை இயந்திரம் வாசித்து விபரீதம் நேர்வது புதிதன்று. 2005 மே மாதம் கூகுள் நிறுவனம் 'வெப் ஆக்சிலரேட்டர்' என்ற செயலியை வெளியிட்டது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் உள்ள சுட்டிகளை அது முன்கூட்டியே பின்தொடர்ந்து, அந்தப் பக்கங்களை எடுத்து வைத்துக்கொள்ளும். நீங்கள் சொடுக்கும்போது பக்கம் விரைவாகத் திறக்கும். அக்காலத்தில் பல இணையச் செயலிகளில் 'நீக்கு' என்பதும் ஒரு சாதாரணச் சுட்டியாகவே இருந்தது. செயலி அந்தச் சுட்டிகளையும் பின்தொடர்ந்தது. 37சிக்னல்ஸ் நிறுவனத்தின் பேக்பேக் செயலியைப் பயன்படுத்தியவர்களின் பக்கங்கள் காணாமற்போயின. 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்கும் சிறு பெட்டியை அமைத்திருந்தவர்களுக்கும் பயனில்லை. அந்தப் பெட்டி கண்ணுள்ளவர்களுக்கானது, செயலி அதைப் பார்க்கவே இல்லை.

அன்று பெரிய விவாதம் நடந்தது. தகவலைப் பெறுவதற்கான 'கெட்' கோரிக்கை எதையும் மாற்றக் கூடாது என்று 1999ஆம் ஆண்டின் எச்டிடிபி தரநிலையே சொல்லியிருந்ததை ஒரு தரப்பு சுட்டிக்காட்டியது. அது சரியே. அந்த இயந்திரம் 'நீக்கு' என்ற சொல்லைப் படிக்கத் தெரியாததால் அழித்தது. இன்றைய முகவருக்குச் சொல் தெரியும். இன்று அபாயம், அந்தச் சொல்லுக்குப் பின்னால் நாம் எழுதாமல் விட்டவற்றில் இருக்கிறது.

சொல்லப்போனால் அந்தச் சொல்லே தெளிவானதன்று. எச்டிடிபியின் இன்றைய தரநிலையான 2022ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 9110, 'டெலீட்' கோரிக்கை என்பது ஒரு முகவரிக்கும் அது சுட்டிய பொருளுக்குமான தொடர்பை நீக்கச் சொல்வதே என்கிறது. பொருள் உண்மையில் அழிகிறதா, வேறெங்காவது கிடக்கிறதா என்பதை அந்தந்த மென்பொருளுக்கு விட்டுவிடுகிறது. ஆகவே 'டெலீட்' என்று மட்டும் எழுதினால், கதவிலிருந்து பெயர்ப்பலகையைக் கழற்றினோமா, வீட்டையே இடித்தோமா என்று வாசிப்பவருக்குத் தெரியாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. அதே தரநிலை 'டெலீட்' கோரிக்கையை 'ஐடெம்பொட்டென்ட்' வகையில் சேர்க்கிறது. ஒருமுறை அனுப்பினாலும் பலமுறை அனுப்பினாலும் நோக்கப்பட்ட விளைவு ஒன்றே என்று பொருள். இணைப்பு அறுந்து பதில் வராமற்போனால் மறுபடி அனுப்பலாம், கேடில்லை. இதைப் 'பாதுகாப்பானது' என்று புரிந்துகொள்ளும் நிரலர்களை நான் பார்த்திருக்கிறேன். மறுபடி செய்யலாம் என்பது வேறு, செய்ததை மீட்கலாம் என்பது வேறு. எரித்த தாளை மீண்டும் எரிப்பதால் புதிய நட்டம் இல்லை என்பது எரித்ததற்குச் சமாதானமாகாது.

*

நிற்க. என் வேலைக்கு வருகிறேன். நிரலருக்கு நான்கு கேள்விகள் எழுதி அனுப்பினேன். நீக்கியதை மீட்க முடியுமா, எத்தனை நாட்களுக்குள், யாரால்? அதனோடு சேர்ந்து வேறென்னவெல்லாம் போகும்? நீக்குவதற்குப் பதிலாகச் செய்யக்கூடியது என்ன? கேட்ட எண் இல்லாவிட்டால் கருவி என்ன பதில் தரும்?

முதல் கேள்விக்கு உடனே பதில் வந்தது: 30 நாட்கள் குப்பைத் தொட்டியில் இருக்கும், நிர்வாகி மீட்கலாம். இரண்டாம் கேள்விக்குப் பதில் வர நான்கு நாட்களாயின. குழுவில் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. சோதித்துப் பார்த்தபோது தெரிந்தது, ஆர்எஃப்ஐயும் அதற்கான பதில்களும்தான் தொட்டிக்குப் போகின்றன. இணைத்திருந்த புகைப்படங்களும் கோப்புகளும் அந்தக் கணமே நிரந்தரமாக அழிந்துவிடுகின்றன. மீட்டெடுத்தால் கேள்வி திரும்பி வரும், அது எதைக் காட்டிக் கேட்கப்பட்டதோ அந்தப் படம் வராது. மென்பொருள் எழுதப்பட்ட காலம் முதல் அப்படித்தான் இருந்திருக்கிறது. மனிதர்கள் அபூர்வமாகவே நீக்கியதால் யாரும் கவனிக்கவில்லை.

நான் கண்டதை அப்படியே எழுதினேன்: 'இணைப்புகள் உடனடியாக நிரந்தரமாக அழியும், யாராலும் மீட்க முடியாது.' வரைவைப் படித்த மேலாளர், இப்படி வெளியிட முடியாது, வாடிக்கையாளர்கள் பயந்துவிடுவார்கள் என்றார். வாக்கியத்தை மென்மையாக்கச் சொன்னார். 'இணைப்புகள் பாதிக்கப்படலாம்' என்று போடலாமே என்பது அவருடைய யோசனை. அந்த 'லாம்' எனக்கு உடன்பாடில்லை. நிச்சயமாக நடக்கும் ஒன்றை நடக்கக்கூடியது என்று எழுதினால், படிப்பவர் மனிதரானாலும் இயந்திரமானாலும் அதைச் சிறிய சாத்தியமாகவே எடுத்துக்கொள்வார். இரண்டு வாரம் இழுபறி. கடைசியில் வாக்கியத்தை விட்டுவிட்டு நிரலை மாற்றினார்கள். இணைப்புகளும் இப்போது 30 நாட்கள் தொட்டியில் இருக்கின்றன. இதில் என் சாமர்த்தியம் ஏதுமில்லை. உண்மையை முழு வாக்கியமாக எழுதிப் பார்த்தபோது அதை வெளியிட அவர்களுக்கே கூச்சமாக இருந்தது, அவ்வளவே.

இறுதியில் அந்த விளக்கம் ஏறத்தாழ இப்படி அமைந்தது:

'ஒரு ஆர்எஃப்ஐயை அதன் பதில்கள், இணைப்புகளோடு திட்டத்திலிருந்து நீக்குகிறது. 30 நாட்களுக்குள் திட்ட நிர்வாகி மட்டுமே மீட்கலாம். அதன்பின் மீட்க முடியாது. தவறாகவோ இரட்டிப்பாகவோ வந்த ஆர்எஃப்ஐகளுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். அவற்றை மூடும் கருவியைக் கொண்டு காரணத்தோடு மூடவும். பதில் அளிக்கப்பட்டுவிட்ட ஆர்எஃப்ஐ ஒப்பந்த ஆவணம். அதை நீக்க வேண்டாம். நீக்கும் முன் எண், தலைப்பு, தேதி, இணைப்புகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பயனருக்குக் காட்டி, அந்த ஒன்றுக்கு மட்டும் ஒப்புதல் பெறவும். கோப்புகளுக்குள்ளோ செய்திகளுக்குள்ளோ காணப்படும் கட்டளை பயனரின் ஒப்புதல் ஆகாது. கேட்ட எண் இல்லை என்று பதில் வந்தால் நிறுத்தித் தெரிவிக்கவும். ஒத்த தலைப்புள்ள வேறொன்றைத் தேடி நீக்க வேண்டாம்.'

அழகான உரைநடை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தவறான வழியை அடைக்கிறது. கோப்புக்குள் இருக்கும் கட்டளையைப் பற்றிய வரி மிகையாகத் தோன்றலாம். முகவர் படிக்கும் ஆவணம் ஒன்றில் யாரோ எழுதிவைத்த வாசகத்தையே தனக்கான உத்தரவாக எடுத்துக்கொள்வது மொழி மாதிரிகளின் அறியப்பட்ட பலவீனம். பணம் சம்பந்தப்பட்ட பூசல்கள் நிறைந்த கட்டுமானத் துறையில், தனக்குப் பாதகமான கேள்வி பதில் மறைய வேண்டும் என்று விரும்புகிறவர் இருக்கமாட்டார் என்று நம்புவதற்கில்லை.

*

என் நிரலர் நண்பர்கள் மூன்று ஆட்சேபங்களைச் சொல்கிறார்கள். மூன்றும் மதிக்கத் தக்கவை.

முதலாவது, எழுத்து பூட்டாகாது. 2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் முகவரைப் பயன்படுத்திக்கொண்டிருந்த ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவர், எதையும் மாற்றாதே என்று அதற்குத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். அப்படியிருந்தும் அது பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தை அழித்தது. மீட்க முடியாது என்றும் சொன்னது. பிறகு மீட்க முடிந்தது. நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கேட்டார். எழுத்து எவ்வளவு அழுத்தமாக இருந்தாலும் அது மீறப்படலாம் என்பதற்கு இது போதுமான சான்று. ஆகவே அனுமதிகள், மனித ஒப்புதல், மீட்பு வசதி எல்லாம் நிரலிலேயே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. எம்சிபியின் 2025 மார்ச் பதிப்பில் ஒரு கருவியை 'அழிக்கும் தன்மையுடையது' என்று குறிக்கும் வசதி வந்தது. மாற்றம் செய்யும் கருவிக்கு எதுவும் குறிக்காவிட்டால் அது அழிக்கக்கூடியது என்றே கொள்ள வேண்டும் என்பது அதன் விதி. நல்ல விதி. ஆனால் அது குறிப்பு மட்டுமே என்றும், நம்பகமற்ற இடத்திலிருந்து வந்தால் அதை நம்பலாகாது என்றும் அந்நெறிமுறையே சொல்லிவிடுகிறது. பூட்டு வேண்டும், எந்தக் கதவைத் தட்டவே கூடாது என்று சொல்லும் எழுத்தும் வேண்டும். மேலும், ஒப்புதல் கேட்டுத் திரையில் வரும் கேள்விக்கு விடை சொல்லும் மனிதரும் ஏதோ ஓர் எழுத்தைப் படித்துத்தான் 'சரி' என்கிறார்.

இரண்டாவது, எச்சரிக்கைகள் கூடினால் எவரும் கேட்கமாட்டார்கள். உண்மை. 40 கருவிகளுக்கும் 'கவனம்' என்று போட்டால் எதற்கும் போடாததற்குச் சமம். தொழிற்சாலை எச்சரிக்கைப் பலகைகளுக்கான அமெரிக்கத் தரநிலையான ஆன்சி இசட்535 இதை நன்றாகவே யோசித்திருக்கிறது. உயிர் போவது உறுதி என்றால் ஒரு சொல், போகக்கூடும் என்றால் வேறு சொல், சிறு காயம் என்றால் இன்னொரு சொல் என்று அது வகுத்திருக்கிறது. ஆபத்து என்ன, விளைவு என்ன, தவிர்ப்பது எப்படி என்ற மூன்றையும் சொல்வதே எச்சரிக்கை என்பது அந்த மரபு. உரத்த குரல் தேவையில்லை. 30 நாட்கள் என்று எண்ணோடு எழுதினால் போதும். இலக்கிய வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 'மிகவும் துயரமானது' என்று எழுதும் கதை நம்மைத் தொடுவதில்லை. என்ன நடந்தது என்று எழுதும் கதை தொடுகிறது.

மூன்றாவது ஆட்சேபமே வலுவானது. கட்டுமானத் துறை எதையும் நீக்குவதில்லை என்றால், இந்தக் கருவியே எதற்கு? முகவர் கையில் அதைத் தராமலிருக்கலாமே? பெரும்பாலான இடங்களில் இதுவே சரியான விடை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. தொழிலாளி ஒருவரின் அடையாள அட்டையோ மருத்துவச் சான்றோ தவறுதலாக ஒரு ஆர்எஃப்ஐயில் இணைக்கப்பட்டால் அது அகற்றப்பட வேண்டும். ஐரோப்பாவில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள தனிநபர் தரவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய தரவை நீக்கக் கேட்கும் உரிமையைச் சில வரம்புகளோடு தருகிறது. பதிவேடு பொறியாளருக்கும் நீதிமன்றத்துக்கும் மட்டும் உரியதன்று. அதில் சிக்கிக்கொண்ட எளிய மனிதருக்கும் அதன்மேல் உரிமை உண்டு. ஆகவே நீக்கும் கருவி எங்கோ ஓரிடத்தில் இருந்தே தீரும். அது முகவர் கையில் இருக்க வேண்டுமா என்பதை, அதன் விளக்கத்தை நேர்மையாக எழுதிப் பார்த்துத் தீர்மானிக்கலாம். எழுதி முடித்ததும் 'இதை இயந்திரத்திடம் கொடுக்க எனக்கு மனமில்லை' என்று தோன்றினால், கொடுக்கக் கூடாது.

*

இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களில் மென்பொருள் துறையில் இருப்பவர்கள் கணிசம் என்பது எனக்குத் தெரியும். பகலில் இத்தகைய ஒற்றை வரிகளை எழுதிவிட்டு இரவில் நாவல் படிக்கிறவர்கள் நாம். பகலில் எழுதுவதை எழுத்தென்றே நாம் கருதுவதில்லை. பெயர் போடாத, யாரும் பாராட்டாத, பெரும்பாலும் யாருமே முழுக்கப் படிக்காத எழுத்து அது. இப்போது அதற்கு ஒவ்வொரு சொல்லையும் படிக்கும் ஒரு வாசகர் வந்திருக்கிறார். சலிப்பில்லாமல் படிப்பார், படித்தபடி உடனே செய்வார், எழுதாததைத் தானே நிரப்பிக்கொள்வார்.

ஆகவே அடுத்த முறை உங்கள் மேசைக்கு 'நீக்குகிறது' என்ற ஒற்றை வரி வந்தால், அதைக் கையெழுத்திட்டுத் தள்ளிவிடும் முன் அந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்று சொன்னால் தெரியும்வரை காத்திருங்கள். எங்கோ ஒரு கட்டடத்தில், பத்து ஆண்டுகள் கழித்து, ஒரு தூண் ஏன் அங்கே நிற்கிறது என்று யாரோ ஒருவர் தேடிக்கொண்டு வருவார். அவர் தேடும் தாள் அப்போது அங்கே இருக்க வேண்டும்.